வாசிப்பு இடர்ப்பாடும் கைத்தொலைபேசிச் செயலிகளும்: நாயாற்றை முன்னிறுத்தி ஒரு மறுப்பு

கருவி வந்துவிட்டாற் கல்வியும் வந்துவிட்டது என்று கொள்ளும் மயக்கம் ஈழத்துக் கல்வியுலகிற்குப் புதியதன்று. வானொலி வந்தபோதும் தொலைக்காட்சி வந்தபோதும் கணினி வந்தபோதும் இதே மயக்கம் தலைதூக்கியது. இன்று கைத்தொலைபேசிச் செயலியின் முறை வந்துள்ளது. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடுடைய பிள்ளைகளுக்கு மலாய் மொழியைக் கற்பிப்பதற்கென மலேசியாவிலே கணினி மென்பொருள்களும் கைத்தொலைபேசிச் செயலிகளும் ஆக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்திற்கு அத்தகையவை மிகப் பல. அவற்றுள் ஒன்றைத் தமிழாக்கி, வன்னியின் கரையோரக் கிராமங்களுக்குக் கைக்கணினிகளோடு அனுப்பிவிட்டால், வாசிக்க மாட்டாத பிள்ளையின் குறை தீர்ந்துவிடும் என்று கருதுவோர் இன்று பெருகி வருகின்றனர். இக்கருத்து நல்லெண்ணத்திற் பிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நல்லெண்ணம் பிழையான வழியைச் செம்மையான வழியாக்கிவிடாது. இந்த வழி ஏன் பிழையானது என்பதையும், செய்யப்பட வேண்டியது யாது என்பதையும் நாயாறு என்னும் ஓரூரை மனத்திருத்தி நோக்குதல் பயனுடைத்து.

முல்லைத்தீவு நகருக்குத் தெற்கே, கொக்கிளாய் நோக்கிச் செல்லும் கரையோர வீதியில், கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்டுக் கிடப்பது நாயாறு. கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த இவ்வூருக்கு ஒருபுறம் செம்மலையும் அளம்பிலும், மறுபுறம் கொக்குத்தொடுவாயும் கொக்கிளாயும் அமைந்துள்ளன. கடற்றொழிலும் களப்பின் இறாலுமே இக்கரையின் வாழ்வு. 1984ஆம் ஆண்டின் இறுதியில் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் சிங்கள மீனவக் குடும்பத்தினர் கொல்லப்பட்டமையும், அதனைத் தொடர்ந்து அயலிலுள்ள தமிழ்க் கிராமங்கள் வெறுமையாக்கப்பட்டமையும் இக்கரையின் வரலாற்றில் ஆறாத வடுக்கள். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்றபோது இம்மாவட்ட மக்கள் ஏறத்தாழ எல்லோரும் இடம்பெயர்ந்திருந்தனர். மீண்டு வந்தோர் கூரையும் வலையும் தேடிக்கொண்ட பின்னரே கொப்பியும் பென்சிலும் தேட முடிந்தது.

இத்தகைய ஊரிலே ஒரு பிள்ளை வாசிக்க மாட்டாதிருந்தால், அதற்கு விளக்கம் கூறுவது மிகவும் எளிது. “போர்” என்ற ஒரு சொல்லே போதுமானதாகிவிடுகின்றது. போர் எதனையும் விளக்கும். அதனாலேயே எதனையும் விளக்காது விட்டுவிடவும் கூடும். இன்று ஆரம்பப் பிரிவிற் கற்கும் பிள்ளைகள் அனைவரும் போர் முடிந்த பின்னர் பிறந்தவர்கள். பதுங்குகுழியில் இருந்தவர்களும், முகாமிலே தரம் குழம்பிக் கற்றவர்களும் அவர்களுடைய பெற்றோர்களே. பெற்றோரின் கல்வி குலைந்தமை பிள்ளையின் கல்வியைத் தாக்கும் என்பது உண்மை. வறுமை, ஒழுங்கற்ற வரவு, பார்வைக் குறை, செவிப்புலக் குறை ஆகியனவும் வாசிப்பைத் தடுப்பனவே. ஆனால் ஒரே வீட்டில், ஒரே வறுமையில் வளர்ந்து, ஒரே வகுப்பறையில் அமர்ந்த சகோதரர் இருவருள் ஒருவர் சரளமாக வாசிக்க, மற்றவர் மூன்றாந் தரத்திலும் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிச் செல்வாராயின், அவ்வேறுபாட்டைப் போர் என்னும் சொல் விளக்குமா?

அவ்வேறுபாட்டிற்குப் பெயர் சூட்டப்பட்டு நூறாண்டுகளுக்கு மேலாகின்றன. 1877இல் குஸ்மௌல் என்னும் ஜேர்மனிய மருத்துவர், மூளை பாதிப்புற்றோரிடத்துக் காணப்பட்ட வாசிப்பிழப்பைச் ‘சொற்குருடு’ என்றார். 1887இல் ருடோல்ஃப் பேர்லின் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லை வழங்கினார். 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மோர்கன், மூளையில் எவ்வித காயமும் இல்லாத 14 வயதுச் சிறுவனொருவனைப் பற்றி எழுதினார். கண் நன்று, புத்தி நன்று, கணக்கும் வரும். எழுத்து மட்டும் வசப்படவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாக நடைபெறுமாயின் பாடசாலையிலேயே மிகக் கெட்டிக்காரன் இவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார் என்பதையும் மோர்கன் பதிவு செய்துள்ளார். பின்வந்த ஆய்வுகள், சொல்லை அதன் ஒலிக்கூறுகளாகப் பகுத்தறிவதிலும் அவ்வொலிகளை எழுத்தோடு விரைந்து பிணைப்பதிலும் உள்ள இடர்ப்பாடே இதன் அடிப்படை என்று பெரும்பாலும் முடிவு கண்டுள்ளன. வரையறைக்கேற்பத் தொகை மாறினும், நூற்றுக்கு 5 முதல் 10 வரையான பிள்ளைகளிடத்து இது காணப்படும் என்பது பொதுவான மதிப்பீடு. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பொன்றில் இருவர் அல்லது மூவர் என்பதே இதன் பொருள். அந்த இருவரையோ மூவரையோ ‘மொக்கு’ என்று அழைப்பது ஊர் வழக்கம். அவர்களுள் ஒருவரையேனும் வேறு பெயரால் அறிந்துகொள்ளாதிருப்பது கல்வி அமைப்பின் வழக்கம்.

இவ்விடத்தில் தமிழபிமானிகள் சிலர் எழுப்பும் தடையொன்றை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. ஆங்கிலம் எழுதுவது ஒன்று, வாசிப்பது மற்றொன்று என்ற குழப்பமான மொழி. தமிழோ எழுதியவாறே வாசிக்கப்படுவது. ஆதலால் இவ்விடர்ப்பாடு ஆங்கிலத்திற்கே உரியது, தமிழ்ப் பிள்ளைக்கு இல்லை என்பது அவர் வாதம். மொழிப்பற்று ஒரு பிள்ளையின் துன்பத்தை இல்லையென்று சொல்லும் எல்லைக்குச் செல்லுமாயின், அப்பற்று கண்டிக்கத்தக்கது. 2001இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்த ஆய்வொன்று ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகளை வாசிப்போரை ஒப்பிட்டது. இத்தாலிய மொழி ஏறத்தாழ எழுதியவாறே வாசிக்கப்படுவது. இத்தாலியர் ஏனையோரினும் பிழை குறைவாக வாசித்தனர். ஆயினும் வாசிக்கும்போது மூளையிற் காணப்பட்ட குறைபாடு மூன்று மொழியினர்க்கும் ஒன்றாகவே இருந்தது. எழுத்துமுறை நேரியதாக இருப்பின் இடர்ப்பாடு மறைந்துவிடுவதில்லை. அது பிழையாக வெளிப்படாது தாமதமாக வெளிப்படுகின்றது. தமிழ் வகுப்பறையில் இது மேலும் ஆபத்தானது. பிழையாக வாசிக்கும் பிள்ளை ஆசிரியரின் கண்ணிற் படும். மெதுவாக, எழுத்துக் கூட்டி, வியர்வை சிந்தி வாசிக்கும் பிள்ளையோ சோம்பேறி என்ற பெயரைப் பெறும்.

இனி, செயலிகளுக்கு வருவோம் என்போர், மலேசியாவின் அனுபவத்தை முதலில் நேர்மையாக மதிப்பிடல் வேண்டும். 2009இல் ஆய்வுலகிற்கு அறிமுகமான ‘மைலெக்சிக்ஸ்’ என்ற மென்பொருள், வாசிப்பு இடர்ப்பாடுடைய பிள்ளைகள் அடிப்படை மலாய் மொழியைக் கற்பதற்கென ஆக்கப்பட்டது. படம், ஒலி, எழுத்து ஆகியவற்றை ஒருங்கே தந்து, பல புலன்களின் வழியாகக் கற்பிப்பதே அதன் நெறி. அதன் பின்னர் கைத்தொலைபேசிக்கென வேறு பலவும் தோன்றின. அவை மலாய் மொழியின் இயல்பை அறிந்தோரால் மலாய்ப் பிள்ளையை முன்னிறுத்தி ஆக்கப்பட்டவை என்பதே அவற்றின் சிறப்பு. மலாய் மொழி இன்று பெரும்பாலும் உரோம எழுத்தில் எழுதப்படுகின்றது. புத்தகத்தைக் குறிக்கும் ‘புக்கு’ என்ற மலாய்ச் சொல்லில் நான்கு எழுத்துகள், நான்கு ஒலிகள், இரண்டு எளிய அசைகள். அங்குள்ள சிக்கல்கள் வேறு: ஒரே எழுத்து இரண்டு வகை எகர ஒலிகளைக் குறிப்பது, முன்னொட்டும் பின்னொட்டும் சேர்ந்து சொற்கள் நீள்வது, கண்ணாடியிற் போல இடம்வலம் மாறித் தோன்றும் ‘பி’, ‘டி’ என்ற உரோமச் சிற்றெழுத்துகள் பிள்ளையை மயக்குவது. அம்மயக்கம் இடர்ப்பாட்டின் மூலம் ஆகாவிடினும், அதனைத் தீர்க்கும் பயிற்சிகள் அத்தகைய செயலிகளில் இடம்பெறுவது இயல்பே.

தமிழ்ப் பிள்ளைக்கு இம்மயக்கம் இல்லை. அதற்குரிய மயக்கங்கள் வேறு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளைக் கொண்ட நெடுங்கணக்கு, சில குறிகளின் சேர்க்கையே எனப் பெரியோர்க்குத் தோன்றும். பிள்ளைக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னே நிற்கின்றது. உயிரொலியோ மெய்க்குப் பின்னே ஒலிக்கின்றது. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றிற் குறி இருபுறமும் பிரிந்து நிற்கின்றது. ‘கௌ’ என்பதன் பின்னுறுப்பு ளகரத்தின் வடிவிலேயே உள்ளது. ‘கு’, ‘சு’, ‘து’ ஆகிய மூன்றிலும் உகரம் ஒன்றே. அதன் வடிவம் மூன்று. ‘கடல்’, ‘அகல்’, ‘தங்கம்’ ஆகிய சொற்களிற் ககரம் ஒன்றே. அதன் ஒலி மூன்று. 1978இல் தமிழ்நாட்டரசு 13 எழுத்துகளின் வடிவைச் சீர்செய்தது. அச்சீர்திருத்தம் ஆகார, ஐகார, ஒகர, ஓகார வரிசைகளிலிருந்த ஒழுங்கின்மையை நீக்கியது. உகர ஊகார வரிசைகளை அது தொடவில்லை. இவற்றுள் எது இடர்ப்பாடுடைய பிள்ளையை மிக வருத்துவது, எந்த வரிசையில் எழுத்துகளை அறிமுகஞ் செய்தால் அவ்வருத்தம் குறையும் என்பன போன்ற வினாக்களுக்குத் தமிழை ஆராய்ந்தே விடை காண முடியும். மலாய்ச் செயலியையோ ஆங்கிலச் செயலியையோ மொழிபெயர்ப்பவர் படங்களையும் வண்ணங்களையும் பெயர்க்கலாம். இவ்விடைகளைப் பெயர்க்க இயலாது, ஏனெனில் அவை அங்கு இல்லை.

எழுத்து மட்டுமன்று, பேச்சும் கருத்திற் கொள்ளற்பாலது. தமிழ் இரட்டை வழக்குடைய மொழி. நாயாற்றுப் பிள்ளை ‘வாறன்’ என்று சொல்லும். பாடநூல் ‘வருகிறேன்’ என்று எழுதும். ‘அப்பா கடலுக்குப் போட்டார்’ என்பது பிள்ளை அறிந்த வாக்கியம். ‘தந்தை கடலுக்குச் சென்றுவிட்டார்’ என்பது அப்பிள்ளை வாசிக்க வேண்டிய வாக்கியம். ஒலிகளைப் பகுப்பதிலேயே இடர்ப்படும் பிள்ளைக்கு, தான் பேசாத சொல்லின் ஒலிகளைப் பகுக்குமாறு கட்டளையிடுவது இரட்டைச் சுமையாகும். இதற்கு மேல், கைத்தொலைபேசி எந்தத் தமிழிற் பேசுகின்றது என்ற வினாவும் உண்டு. ‘காற்று’ என்ற சொல்லின் றகர இரட்டிப்பை ஈழத்தவர் ஒலிப்பது ஒருவகை. தமிழ்நாட்டில் ஒலிப்பது வேறொருவகை. ழகரமும் ளகரமும் ஈழத்துப் பேச்சிற் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பன. கூகிள் நிறுவனம் 2019இல் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் வெளியிட்டு, 2020இல் ‘ரீட் அலோங்’ என்ற பெயரிற் பல நாடுகளுக்கு விரித்த செயலி, பிள்ளை உரக்க வாசிப்பதைக் கேட்டுத் திருத்த முற்பட்டது. அது கற்பித்த மொழிகளுள் தமிழும் ஒன்று. வரவேற்கத்தக்க முயற்சியே அது. ஆயினும் அது எல்லாப் பிள்ளைகளுக்குமாக ஆக்கப்பட்டது. இடர்ப்பாடுடைய பிள்ளைக்கென ஆக்கப்பட்டதன்று. தன் ஊர்த் தமிழைச் சரியாக ஒலித்த பிள்ளையை ஒரு கருவி பிழையென்று திருத்துமாயின், அப்பிள்ளை கற்றுக்கொள்வது தமிழன்று. தன்னுடைய வாயும் பிழை என்பதையே அது கற்றுக்கொள்ளும்.

கருவியின் பயனை மதிப்பிடுவதற்குக் கற்பனை வேண்டியதில்லை, சான்று உண்டு. பின்லாந்தின் யூவஸ்கூலாப் பல்கலைக்கழகத்தினர், வாசிப்பு இடர்ப்பாடு பற்றிப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வின் பயனாக ‘கிராஃபோகேம்’ என்ற விளையாட்டை ஆக்கினர். எழுத்தையும் ஒலியையும் பிணைக்கப் பயிற்றும் இவ்விளையாட்டுப் பல மொழிகளுக்கு விரிந்தது. உலகின் பல பகுதிகளில் இதனைக் கொண்டு நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த மதிப்பீடு, சொல் வாசிப்பில் இதன் சராசரிப் பயன் ஏறத்தாழச் சுழியம் என்று கண்டது. அதே மதிப்பீடு மற்றொன்றையும் கண்டது: பெரியவர் ஒருவர் அருகிலிருந்து ஈடுபாட்டோடு வழிநடத்திய இடங்களிற் பயன் குறிப்பிடத்தக்கதாக இருந்தது. பின்லாந்தின் நேரிய எழுத்துமுறையையும் பல்லாண்டு ஆய்வையும் அடித்தளமாகக் கொண்ட கருவிக்கே இந்நிலையெனின், அவசரத்தில் மொழிபெயர்க்கப்பட்ட செயலியொன்று ஆசிரியரின்றி நாயாற்றில் யாது செய்யும்?

“ஒன்றும் இல்லாததிலும் ஏதேனும் இருப்பது நன்றன்றோ? பயிற்றப்பட்ட ஆசிரியர் வரும்வரை கைத்தொலைபேசியாவது கற்பிக்கட்டும்” என்பது இவ்வாதத்தின் இறுதி அரண். கேட்பதற்கு இனிய இவ்வாதம் இரண்டு உண்மைகளை மறைக்கின்றது. முதலாவது, கைத்தொலைபேசி வகுப்பறையின் பொருளன்று, வீட்டின் பொருள். கடற்றொழிற் குடும்பத்தில் அது தொழிற் கருவியுமாகும். கடலுக்குச் செல்பவரோடு அதுவும் செல்லும். ‘ரீலோட்’ பண்ணும் காசு அரிசிக் காசோடு போட்டியிடும். 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது ‘வாட்ஸ்அப்’ வழியாகப் பாடங்கள் அனுப்பப்பட்டன. அக்காலத்திற் கருவி இல்லாத பிள்ளையைப் பற்றிப் பலர் பேசினர், பேசியது நியாயமே. கருவி கையிலிருந்தும் அதில் வந்த பாடத்தை வாசிக்க மாட்டாத பிள்ளையைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலர். திரை எத்துணை பெரிதாயினும், அதிலுள்ள எழுத்து வாசிக்கப்படாதவரை அது வெறும் ஒளியே. இரண்டாவது உண்மை இதனினும் கசப்பானது. ‘ஏதேனும்’ ஒன்று வழங்கப்பட்டதும், வழங்க வேண்டியவர் தம் கடமை முடிந்ததாகக் கொள்வர். கையளிப்பு விழா நடைபெறும், படம் எடுக்கப்படும், அறிக்கை எழுதப்படும். அதன் பின்னரும் பிள்ளை வாசிக்காவிடின் குற்றம் பிள்ளையினுடையதாகும். முன்பு ஆசிரியர் ஒருவரிடம் தோற்ற பிள்ளை, இப்போது இயந்திரத்திடமும் தோற்றதாகிவிடும்.

அவ்வாறாயின் செயலியே வேண்டாம் என்பதா வாதம்? அன்று. பிறர் கருவியை ஏற்று அதனைத் தமக்குரியதாக்கிய மரபொன்று ஈழத்தவர்க்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டிலே அச்சியந்திரம் மிசனரிமாரின் கருவியாக இருந்தது. ஆறுமுக நாவலர் 1849இற் சென்னை சென்று அச்சியந்திரத்தை வாங்கினார். மிசனரிமாரின் பாடநூல்களைப் பெயர் மாற்றி அச்சிட்டு அமைதி கொள்ளவில்லை. தமிழ்ப் பிள்ளை எதனை முதலிற் கற்க வேண்டும், எதனை அடுத்துக் கற்க வேண்டும் என்று படிமுறை வகுத்துப் பாலபாடங்களைத் தாமே எழுதினார். நாவலரின் சமூக நோக்கில் உடன்பட முடியாதன பல உள. சாதி பற்றிய அவர் நிலைப்பாடு இன்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும் கருவியை இரவல் பெறலாம், பாடத்தை இரவல் பெறலாகாது என்று அவர் செயலாற் காட்டிய நெறி இன்றும் பொருந்துவதே.

அண்மைக்காலச் சான்றும் அதையே உணர்த்துகின்றது. சென்னையிலுள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களின் தொடக்கம் முதல் பெற்றோரையும் ஆசிரியரையும் பயிற்றிப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்து வந்துள்ளது. ‘அவாஸ்’ நிறுவனத்தோடு சேர்ந்து அது வாசிப்புச் செயலியொன்றை வெளியிட்டது அதற்குப் பல்லாண்டுகளின் பின்னரே. முதலில் ஆசிரியர், பிறகு செயலி என்ற வரிசை மனங்கொள்ளத்தக்கது. இடர்ப்பாட்டை இனங்காணும் சோதனைக்கும் இது பொருந்தும். இந்தியாவின் தேசிய மூளை ஆய்வு நிலையம் 2015இல் ‘டாலி’ என்ற சோதனைத் தொகுதியை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வெளியிட்டது. தமிழ் அந்த முதல் நான்கினுள் இடம்பெறவில்லை. ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழியின் நிலை அதுவாயின், வன்னித் தமிழ் பேசும் பிள்ளைக்கென எவரேனும் எங்கிருந்தோ ஒரு சோதனையைச் செய்து அனுப்புவர் என்று காத்திருத்தல் பேதைமை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருத்தல் வேண்டும். முதலாவது, ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் பேச்சையும் பாடநூலின் சொற்களையும் அடிப்படையாகக் கொண்டு, ஆரம்பப் பிரிவு ஆசிரியர் எவரும் வகுப்பிலேயே நடத்தக்கூடிய எளிய வாசிப்புச் சோதனையொன்று ஆக்கப்பட வேண்டும். இது பல்கலைக்கழகங்களின் பணி. 1974இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் தோன்றியது. வவுனியா வளாகம் 2021இற் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பையும் சொல்லமைப்பையும் பேராசிரியர் சுசீந்திரராசா ஆராய்ந்து காட்டியுள்ளார். அந்த ஆய்வு மரபு நூலகத்தின் தட்டிலிருந்து இறங்கி மூன்றாந் தர வகுப்பறைக்குள் நுழைய வேண்டும். மொழியியலாளர், உளவியலாளர், தமிழாசிரியர், கணினித்துறையினர் ஆகியோர் தத்தம் துறையின் வேலிக்குள் நின்றுகொண்டு இதனைச் செய்ய முடியாது. தமிழ்த்துறைகள் சங்கப் பாடல்களுக்கு உரை காண்பதிற் காட்டும் உழைப்பின் நூறிலொரு பங்கை, ‘கை’ என்ற எழுத்தை ஒரு பிள்ளை ஏன் வாசிக்கத் தயங்குகின்றது என்று காண்பதிற் காட்டினால் தமிழ் தாழ்ந்துவிடாது.

இரண்டாவது, வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி முதலான நிறுவனங்களிற் பயிலும் ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஒவ்வொருவரும் இவ்விடர்ப்பாட்டை இனங்காணவும், அதற்கேற்பக் கற்பிக்கவும் பயிற்சி பெற்று வெளியேற வேண்டும். அப்பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஓட்டனும் கில்லிங்ஹாமும் வகுத்த பல்புலக் கற்பித்தல் முறையிற் பிள்ளை எழுத்தைக் கண்டு, அதன் ஒலியைக் கேட்டு, உரக்கச் சொல்லி, விரலால் எழுதுகின்றது. தட்டிலே மணல் பரப்பி எழுதுவிப்பதும் அம்முறையிற் கையாளப்படுவதே. மணலில் எழுதியும் உரக்கச் சொல்லியும் கற்றது திண்ணைப் பள்ளியின் பழைய வழக்கம். நாயாற்றில் மணலுக்குப் பஞ்சமில்லை. எந்த எழுத்தை, எந்த வரிசையில், எத்தனை முறை என்று அறிந்த ஆசிரியருக்குத்தான் பஞ்சம்.

மூன்றாவது, இவை அருளாகக் கேட்கப்படுவன அல்ல, உரிமையாகக் கேட்கப்படுவன என்பது உணரப்பட வேண்டும். 1945 முதல் இலவசக் கல்வி இந்நாட்டின் பெருமையாகப் பேசப்படுகின்றது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் வலுக்குறைவுடையோரின் உரிமைகளைக் காக்க இயற்றப்பட்டது. 2016இல் இலங்கை வலுக்குறைவுடையோரின் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. அதே ஆண்டிற் கட்டாயக் கல்வி 16 வயது வரை நீட்டப்பட்டது. வாசிக்க மாட்டாத பிள்ளையைப் பதினாறு வயது வரை வாங்கில் இருத்தி வைப்பதற்குக் கட்டாயக் கல்வி என்று பெயரிடுவதாயின், அதில் கட்டாயம் உண்டு, கல்வி எங்கே? பரீட்சையில் மேலதிக நேரம் கேட்பதற்கும், வினாவை வாசித்துக் காட்டுமாறு கேட்பதற்கும் முன்னர் பிள்ளையின் இடர்ப்பாடு இனங்காணப்பட்டிருக்க வேண்டும். தமிழில் அதனை இனங்காணும் ஏற்பாடு பிள்ளைக்கு எட்டாதிருக்குமாயின், சட்டம் கொடுத்ததை மொழி பறித்துக்கொள்கின்றது.

இம்மூன்றும் நடைபெறத் தொடங்கிய பின்னர், அல்லது அவற்றோடு இணைந்து, செயலி வரலாம், வர வேண்டும். ஈழத்துக் குரலிற் பேசுவதாய், இணையத் தொடர்பு இன்றியும் இயங்குவதாய், பிள்ளை எங்கே தடுமாறிற்று என்பதை ஆசிரியருக்குக் காட்டுவதாய், விலைமதிப்பற்ற துணையாய் அது அமையும். ஒரே எழுத்தை நூறு முறை சலிப்பின்றிச் சொல்லும் பொறுமை இயந்திரத்திற்கு உண்டு. எந்த எழுத்தை நூறு முறை சொல்ல வேண்டும் என்பதை அதற்குச் சொல்லிக்கொடுக்க மனிதர் வேண்டும்.

வாசிப்பு வராத பிள்ளைக்குக் கடல் இருக்கின்றதே என்று சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்வோரும் உளர். கடற்றொழில் அறிவு குறைந்தோரின் புகலிடம் என்ற அவமதிப்பு இக்கூற்றினுள் மறைந்துள்ளது. காற்றையும் நீரோட்டத்தையும் கணிக்கத் தெரியாதவர் கடலிற் பிழைப்பதில்லை. மேலும், இன்று நாயாற்றில் எழுத்திலிருந்து தப்பிச் செல்லக்கூடிய கடல் எதுவும் இல்லை. எவர் எந்தக் கரையில் வலை வளைக்கலாம், எந்த நிலம் எவருக்குரியது, களப்பின் எப்பகுதி ஒதுக்கப்பட்டது என்பன எல்லாம் இன்று அனுமதிப்பத்திரத்திலும் வர்த்தமானியிலும் வழக்கேட்டிலுமே தீர்மானிக்கப்படுகின்றன. பல்லாண்டுகள் ஊரைவிட்டு அலைந்து மீண்டவர்களின் பிள்ளை, தன் கரையைப் பற்றி எழுதப்பட்ட கடதாசியைத் தானே வாசித்தறிய மாட்டாது போகுமாயின், அப்பிள்ளை இழப்பது புலமைப்பரிசில் மட்டுமன்று. அந்தக் கடதாசியிற் கையொப்பமிடும் நாள் வரும்போது, தன் பெயருக்கு மேலே யாது எழுதப்பட்டுள்ளது என்பதைப் பிறர் சொல்லக் கேட்டே அது நம்ப வேண்டியிருக்கும்.